சாமித்தட்டில் இருந்த நாற்பத்தைந்து

என் தங்கை கடையில் தனியாக நிற்கும்போது அவளுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க ஒரு பிஸ்டல் வாங்கலாமா, வாங்கினால் எதை வாங்கலாம் என்று அவளுடைய கணவர் என்னிடம் யோசனை கேட்டார். என்னிடம் யோசனை கேட்கிறவர்கள் குறைவு. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். ஆனால் இந்த ஒரு விஷயத்தைக் கேட்க ரொறொன்ரோவில் அவருக்குத் தெரிந்த தமிழர்களுக்குள் என்னை விட்டால் வேறு ஆள் இல்லை. நான் ஒரு துப்பாக்கிச் சூட்டுக் கழகத்தில் கிளீனராக வேலை செய்தேன்.

எண்பத்துநான்காம் ஆண்டு கடைசியில் வந்து, பார்க்டேலில் தங்கை வீட்டு முன்னறையில் படுத்திருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அது. பழைய தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றின் நிலக்கீழ்த் தளம். உறுப்பினர்கள் சுட்டு முடித்த பிறகு கீழே கிடக்கும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கி வாளியில் போட வேண்டும். தும்புத்தடியால் கூட்டக் கூடாது, ஈயத்தூசு எழும்பும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். தேத்தண்ணி குடிக்கும் முன் முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். இதையெல்லாம் முதல் நாளே மேலாளர் செய்து காட்டினார். என் ஆங்கிலத்துக்கு அதுதான் வசதி.

ஊரில் நான் துப்பாக்கியைப் பார்த்ததெல்லாம் குழாயின் வாய்ப்பக்கமிருந்துதான். சுற்றிவளைப்பில் பனங்கூடலுக்குள் நிலத்தில் குந்தியிருக்கையில் ஒரு ஆமிக்காரன் என் பிடரியில் அதை வைத்துக்கொண்டு சிகரெட் பற்றவைத்தான். அந்த இரும்பின் குளிர் இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. இங்கேயோ பல் வைத்தியரும் பஸ் சாரதியும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் சாப்பாட்டுப் பெட்டி போன்ற பெட்டிகளில் அதைக் கொண்டுவந்து, துணி விரித்து, எண்ணெய் பூசி, பிள்ளைக்குத் தலை துடைப்பது போலத் துடைத்தார்கள். முதல் மாதங்களில் ஒவ்வொரு வெடிக்கும் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிடுவேன். பிறகு பழகிவிட்டது. பழகியதை நினைத்து அதற்கும் பயந்தேன்.

அவர்களுடைய பேச்சு காதில் விழும். கோப்பியோடு உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒரே வாதம்தான், பெரிய குண்டு போடும் நாற்பத்தைந்தா, சின்னக் குண்டு போடும் ஒன்பதா என்று. நாற்பத்தைந்தின் ஆட்கள் சொல்வார்கள்: குண்டு பெரிது, மெதுவாகப் போகும், பட்ட இடத்தில் நிற்கும், ஒன்று போதும், ஆள் விழுவான். அந்தப் பெரிய இரும்பு இரண்டு பெரிய போர்களைக் கண்டது, சேற்றில் விழுந்தாலும் வேலை செய்யும். ஒன்பதின் ஆட்கள் சிரிப்பார்கள்: உன்னுடையதில் ஏழு குண்டுதான் போகும், என்னுடையதில் அதன் இரட்டிப்பு. உன்னுடையது இடுப்பில் கட்டிய செங்கல். பிடி பருமன், சின்னக் கைக்கு எட்டாது. உதைக்கிற உதையில் இரண்டாவது வெடி கூரைக்குப் போகும். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் கோது வெளியேறாமல் இறுகி நிற்கும். இருவரும் விட்டுக்கொடுத்ததை நான் ஒருநாளும் காணவில்லை. யார் யாரை விழுத்தினார்கள் என்று யாரும் சொல்லவும் இல்லை.

தங்கையின் கணவர் எண்பத்துமூன்றுக் கலவரத்துக்கு முன்னரே வந்தவர். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். தெருமுனையில் சிறிய கடை ஒன்றை எடுத்து, பால், பாண், சிகரெட்டோடு கறித்தூள், கருவாடு, வாடகைக்குத் தமிழ்ப் பட வீடியோக் கொப்பி என்று நடத்தினார். மேல்மாடியில் குடியிருப்பு, கீழே கடை, இடையில் ஒரு மரப் படிக்கட்டு. கணவன், மனைவி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த மகள். நான் பிறகு பக்கத்துத் தெருவில் அறை எடுத்துக்கொண்டேன். சாப்பாடு அங்கேதான்.

எண்பத்தாறாம் ஆண்டு ஒரு மாலை அவர் தனியாக நிற்கையில் ஒருவன் வந்து கழுத்தில் கத்தியை வைத்துக் கல்லாவைத் துடைத்துக்கொண்டு போனான். அவருக்குக் காயம் ஒன்றுமில்லை. ஆனால் அன்றிலிருந்து கதவு மணி அடித்தால் திடுக்கிட்டுத்தான் நிமிர்வார். அவர் காலையில் மொத்தச் சந்தைக்கு மரக்கறி எடுக்கப் போகும் நேரமெல்லாம் கல்லாவில் தங்கைதான். அதுதான் அவரை அரித்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் கடையில் சனம் இல்லாத நேரம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மச்சான், நீ கழகத்திலை கேக்கிறதைச் சொல்லு. எது நல்லது?”

“எனக்கென்ன தெரியும்? நான் கோது பொறுக்கிறவன்.”

“பொறுக்கிறவனுக்குத்தான் தெரியும். பெரிசோ சின்னனோ?”

நான் கேட்டதைச் சொன்னேன். நாற்பத்தைந்தின் பெரிய குண்டு, ஆள் விழுவான் என்பது. பாரம், பருமன், ஏழு குண்டுதான் என்பது.

“ஏழு காணாதோ?”

“உன்ரை கடைக்கு ஒரே நேரத்திலை ஏழு பேர் வந்தா நீ அவங்களுக்குத் தேத்தண்ணி குடுப்பாய்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கருவாட்டுக்கு விலை ஒட்டிக்கொண்டிருந்த தங்கை தலை நிமிராமல் சொன்னாள்: “இரண்டு பேரும் கத்தரிக்காய் வாங்கப் போறமாதிரிக் கதைக்கிறியள். ஆளைச் சுடுறதைப் பற்றித்தானே கதை?”

“சுடுறதுக்கில்லையப்பா. காட்டினாக் காணும். அதுதான் பெரிசு வேணுமெண்டிறன். சின்னனைக் காட்டினா விளையாட்டுச் சாமான் எண்டு நினைப்பாங்கள்.”

“காட்டியும் போகாட்டி?”

அவர் பாண் தட்டை அடுக்கத் தொடங்கினார்.

இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வாங்குவது பாண் வாங்குவது போல அல்ல. பொலிஸில் பதிய வேண்டும், கழகத்தில் உறுப்பினராக வேண்டும், வீட்டு விலாசத்தில்தான் வைத்திருக்கலாம், கழகத்துக்குக் கொண்டுபோகத் தனி அனுமதி. கடையில் காவலுக்கு என்று கேட்டால் தரவே மாட்டார்கள். அவர் பொறுமையாக எல்லாம் செய்தார். ஞாயிறுகளில் கழகத்துக்கு வந்து பழகினார். நான் துடைக்கும் தரையில் என் மச்சான் சப்பாத்தோடு நின்று சுடுவார். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விடுவேன். கடைசியில் ஒரு உறுப்பினரிடமிருந்து பழைய நாற்பத்தைந்து ஒன்றையே வாங்கினார். கறுப்புப் பூச்சு தேய்ந்து விளிம்புகளில் வெள்ளி தெரிந்தது. கையில் வைத்துப் பார்த்தேன். முழுத் தேங்காய் ஒன்றின் கனம்.

தங்கையையும் ஒருநாள் விருந்தாளியாகக் கூட்டிவந்தார். குளிர்ச்சட்டைக்குக் கீழே சேலை, காதில் பெரிய மூடி. துப்பாக்கியின் மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுக்க முதலில் அவளால் முடியவில்லை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மற்றக் கையால் தள்ளும்படி மேலாளர் காட்டினார். இழுத்துவிட்டாள். அவள் சுட்டது எங்கே போனதென்று நான் பார்க்கவில்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெடித்தபோதும் கண் திறந்தபடியே இருந்தது. பிறகு பார்த்தால், இலக்குக் கடதாசியில் நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஓட்டை.

“கெட்டிக்காரி!” என்றார் கணவர்.

அவள் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, “உது போகுமோ, அண்ணை?” என்று என்னிடம் கேட்டாள். சவர்க்காரம் இருக்கும் இடத்தைக் காட்டினேன். வீட்டுக்குப் போயும் தலை முழுகிய பிறகுதான் அடுப்படிக்குள் போனாளாம்.

அடுத்த கேள்வி அதை எங்கே வைப்பது என்பது. மேலே பெட்டியில் பூட்டி வைத்தால் சட்டத்துக்குச் சரி, கள்ளன் வரும் நேரத்துக்கு உதவாது. கல்லாவுக்குக் கீழே வைத்தால் மகள் அங்கேதான் இருந்து படம் கீறுவாள். பல நாள் யோசித்துவிட்டு, கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இருந்த சாமித்தட்டைப் பிடித்தார். பிள்ளையார், முருகன், அம்மன் படங்கள், குத்துவிளக்கு, திருநீற்றுக் கிண்ணம், முன்னால் சின்னச் சிவப்புத் திரை. பிள்ளைக்கு எட்டாது. கல்லாவில் நிற்கிறவர் திரும்பிக் கையை உயர்த்தினால் எட்டும். கள்ளன் அங்கே தேட மாட்டான்.

“சாமிக்குப் பின்னாலையோ?” என்றாள் தங்கை.

“சரசுவதி பூசைக்குக் கத்தியும் கோடாலியும் வைச்சுக் கும்பிடேல்லையே? முருகன்ரை கையிலை என்ன, பூவோ? வேல்தானே!”

“வேல் வெடிக்காது.”

“அதுதான் அந்தாளுக்குத் துணையா இதை வைக்கிறன்.”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்போடு காரியம் முடிந்தது. நானும் மனதுக்குள் நல்ல இடம் என்றுதான் நினைத்தேன். கழகத்தில் அத்தனை பேர் பேசியதைக் கேட்டிருந்தேன். எட்டுமா, எட்டாதா, கை பிடிக்குமா, எத்தனை போகும், எவ்வளவு பாரம் என்று எல்லாவற்றையும் இருவரும் பார்த்தாகிவிட்டது என்று நினைத்தேன்.

அடுத்த ஆண்டு மாசி மாதம். பனி சாம்பல் நிறமாகித் தெருவோரம் குவிந்து கிடந்த ஒரு காலை, கழகத்துக்குத் தொலைபேசி வந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டுக் கையில் தந்தார். மச்சான்தான். “கெதியா வா” என்று மட்டும் சொன்னார். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனேன். போகும் வழியெல்லாம் ஒரே கேள்விதான்: சுட்டாளா, சூடுபட்டாளா?

இரண்டும் இல்லை. அவள் கல்லாவுக்குப் பின்னால் ஒரு கதிரையில், கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பொலிஸ் வந்து எழுதிக்கொண்டு போயிருந்தது. கணவர் சந்தைக்குப் போயிருந்த நேரம் ஒருவன் வந்து, பாண் வெட்டும் நீளக் கத்தியைக் காட்டி, கல்லாவிலிருந்த காசையும் சிகரெட்டையும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். எடுத்து அடுக்க அவனுக்கு நேரம் பிடித்திருக்கிறது. ஒரு தடவை முதுகைக்கூடக் காட்டியிருக்கிறான்.

கணவர் கடைக்குள் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். கதவில் ‘கடை பூட்டியுள்ளது’ என்ற அட்டை தொங்கியது.

“தலைக்கு மேலை கிடந்தது, மச்சான்! கையை நீட்டினாக் காணும்! அவன் அந்தப் பக்கம் திரும்பி சிகரெட் எடுக்கிறான். இவ பாத்துக்கொண்டு நிக்கிறா!”

“பயந்திருப்பாள், விடு” என்றேன்.

“பயமில்லை, அண்ணை” என்றாள் தங்கை.

“பயமில்லாட்டி ஏன் எடுக்கேல்லை? உமக்குச் சுடத் தெரியும். நான் பாத்தனான். இவனும் பாத்தவன்.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லும்! ஏன்?”

“எனக்குத் துடக்கு.”

நான் சட்டென்று திரும்பிப் பாண் தட்டைப் பார்த்தேன். எங்கள் வீடுகளில் பெண்கள் மாதவிலக்கைக் குறிக்கும் இந்தச் சொல்லை அண்ணன் தம்பிக்கு முன்னால் சொல்வதில்லை. அந்த நாட்களில் அவர்கள் விலகியிருப்பதைக் கண்டு நாங்களாகத் தெரிந்துகொள்வோம், தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் மாட்டோம். துடக்கு நாட்களில் தங்கை சாமித்தட்டுக்குக் கிட்டப் போக மாட்டாள், விளக்கைக் கணவர்தான் ஏற்றுவார். அன்று காலையும் சந்தைக்குப் போகும் முன் அவரேதான் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். ஏன் தான் ஏற்றுகிறேன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதையும் அந்தத் துப்பாக்கியையும் அவர் ஒன்றாக வைத்து நினைத்ததே இல்லை. நானும் நினைக்கவில்லை.

“உயிர் போற நேரத்திலை துடக்கோ பாக்கிறது?” என்றார் கணவர்.

“பாத்துச் செய்யேல்லை. கை போச்சுது. திரைக்குக் கிட்டப் போய் நிண்டிட்டுது. நான் நிப்பாட்டேல்லை, தன்பாட்டிலை நிண்டது. பேந்து அவன் திரும்பிட்டான்.”

“திரும்பி?”

“என்ரை கையைப் பாத்தான். மேலை தூக்கின கை. சரணடையிறன் எண்டு நினைச்சானோ என்னவோ, ‘அப்பிடியே நில்’ எண்டான். நிண்டன்.”

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து, சப்பாத்தைக் கழற்றி, திரையை விலக்கி, படங்களுக்குப் பின்னால் இருந்த அதை எடுத்துக் கல்லாவில் வைத்தார். பத்திரிகைகளுக்கும் பபிள்கம் போத்தலுக்கும் நடுவில் அது கிடந்தது.

“இனி இது கல்லாவுக்குக் கீழை. இழுக்கிற லாச்சிக்குள்ளை. பிள்ளையைக் கடைக்குள்ளை விடுறேல்லை. முடிஞ்சுது.”

“அப்பிடியெண்டா நான் கல்லாவிலை நிக்க மாட்டன்” என்றாள் தங்கை.

“விசர்க் கதை கதையாதையும். ஆர் நிக்கிறது பேந்து?”

“உது கையிலை இருந்திருந்தா எடுத்திருப்பன். அதுதான் சொல்லுறன். எடுத்திருப்பன். எடுத்தா என்ன நடந்திருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? எனக்குத் தெரியாது. அவன் இந்த இடத்திலை நிக்கிறான்.” கல்லாவின் மறுபக்கத்தைக் காட்டினாள். கை நீட்டினால் தொடும் தூரம். “மீசைகூட வடிவா முளைக்கேல்லை அவனுக்கு. கத்தி ஆடுது. நான் அதை இழுத்து வெடிக்க முதல் அவன் குத்தியிருப்பான். இல்லாட்டி நான் அவனைக் கொன்றிருப்பன். எது உங்களுக்கு விருப்பம்?”

என் தங்கை இவ்வளவு நீளமாகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை.

கணவர் என் பக்கம் திரும்பினார். “மச்சான், நீ சொல்லு. நீதானே அங்கை கிடக்கிறாய். நீ சொல்லுறபடி செய்யிறன்.”

கழகத்தில் கேட்ட அத்தனை பேச்சும் தலைக்குள் ஓடியது. பெரிய குண்டு, மெதுவாகப் போகும், ஆள் விழுவான். அதைச் சொன்னவர்கள் எல்லோரும் கடதாசியைச் சுட்டுவிட்டு வீட்டுக்குப் போய் இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். பனங்கூடலில் என் பிடரியில் அதை வைத்தவனும் சுடவில்லைதான். ஆனால் அவன் என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. கல்லாவுக்கு அந்தப் பக்கம் ஒருவன் பயந்து, இந்தப் பக்கம் ஒருத்தி பயந்து நிற்கும்போது நடுவில் இது எதற்கு உதவும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

“வித்துவிடு” என்றேன்.

“ஏன்?”

“ஏனெண்டு வடிவாச் சொல்லத் தெரியேல்லை. தங்கச்சி இண்டைக்கு உயிரோடை இருக்கிறாள். அதுக்கு மேலை எனக்குத் தெரியாது. வித்துவிடு.”

அவர் அதைத் துணியில் சுற்றி மேலே கொண்டுபோனார். சொன்னபடி செய்தார். அடுத்த ஞாயிறு அதைக் கழகத்துக்குக் கொண்டுவந்து பல் வைத்தியருக்குக் கொடுத்தார். வைத்தியர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கூராகச் சீட்டியடித்தார். நல்ல சாமான் என்று நினைத்திருப்பார்.

கதை இத்தோடு நின்றிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அந்த ஆண்டே இலையுதிர்காலத்தில் இரண்டு பேர் வந்தார்கள். தங்கை கேட்கும் முன்னரே கல்லாவைத் திறந்து எல்லாவற்றையும் எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டு போகும்போது ஒருவன், ஒரு காரணமும் இல்லாமல், போத்தலால் அவள் தலையில் அடித்துவிட்டுப் போனான். புருவத்துக்கு மேலே தையல். இடது காதில் அன்றிலிருந்து ஒரு இரைச்சல், கேட்பதும் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் முகம் வீங்கிக் கிடந்தவளைப் பார்த்துக்கொண்டு கணவரும் நானும் இரண்டு பக்கமும் நின்றோம். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. வித்துவிடு என்று சொன்னாயே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அன்று இல்லை, பிறகும் ஒருநாளும் அவர் கேட்டதில்லை.

அவளிடம் நானே கேட்டேன், வீட்டுக்கு வந்த பிறகு. “அது இருந்திருந்தா?”

“இந்தக் காதாலை கேக்காது அண்ணை, மற்றப் பக்கம் வாங்கோ” என்றாள். போய் நின்று திரும்பக் கேட்டேன்.

“இருந்திருந்தா உங்களுக்குத் தெரியுமோ என்ன நடந்திருக்கும் எண்டு?”

“தெரியாது.”

“எனக்கும் தெரியாது. பேந்தென்ன கேள்வி?”

கழகத்தில் வேலையை நான் விடவில்லை. ஆனால் வேலை முடிந்து நேராக என் அறைக்குப் போகும் பழக்கத்தை விட்டேன். பின்னேரங்களில் கடைக்குப் போய்க் குளிர்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருப்பேன். காலையில் அவர் சந்தைக்குப் போகும் நாட்களில், எனக்கு வேலை மத்தியானம் என்றால், அப்போதும். முன்பின் தெரியாதவர்கள் வந்து போகும் இடத்தில் அப்படி இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது அவளுக்குத் தெரியும். ஒருநாளும் வா என்றோ வேண்டாம் என்றோ அவள் சொன்னதில்லை.

மச்சான் ஒருநாள் கருவாட்டுப் பெட்டியை இறக்கிக்கொண்டே சொன்னார்: “உன்னைப் பாத்து ஒரு கள்ளனும் பயப்பிட மாட்டான், மச்சான். ஒரு நன்மை, நீ தன்பாட்டிலை வெடிக்க மாட்டாய்.”

மூன்று பேரும் சிரித்தோம். கதவு மணி அடித்தது. சிரிப்பு நின்றது. பெரிய மேற்சட்டை போட்ட ஒருவன் உள்ளே வந்து பனியைத் தட்டினான். தங்கை முதலில் அவன் கைகளைப் பார்த்தாள். ஒரு கை சட்டைப் பைக்குள் இருந்தது. அந்தக் கை வெளியே வரும் வரைக்கும் நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.